மாறுவேடத்தில் வரும் கார்



பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி பார்த்திருப்பீர்கள். தாடி, தலைப்பாகை, நீண்ட அங்கி எல்லாம் அணிந்து மேடைக்கு வரும் நண்பனை முதலில் அடையாளம் தெரியாது. ஆனால் அவன் நாலு அடி எடுத்து வைத்ததும், "அட, இது நம்ம கடைசி பெஞ்சுக்காரன்!" என்று கூவி விடுவீர்கள். அவனால் முகத்தை மறைக்க முடிந்தது. உயரத்தையும் நடையையும் மறைக்க முடியவில்லை.

இப்படி மாறுவேடம் போட்டுக் கொண்டு சாலையில் ஓடும் கார்களும் உண்டு. புதுச்சேரியில் காலாப்பட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நீங்களும் உங்கள் நண்பனும் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமிருந்து ஒரு கார் வருகிறது. உடல் முழுவதும் கறுப்பும் வெளுப்புமாகச் சுழி சுழியாகக் கோடுகள். முன்னால் நிறுவனத்தின் சின்னம் இல்லை. பின்னால் பெயரும் இல்லை. சில வினாடிகளில் அது கடந்து போய்விடுகிறது. உடனே உங்கள் நண்பன் ஒரு பெயரைச் சொல்கிறான். "அடுத்த மாதம் விற்பனைக்கு வருகிறது" என்று விலையையும் சேர்த்துச் சொல்கிறான். மாலைக்குள் வகுப்பு முழுவதும் அதை நம்பி விடுகிறது.

அவன் சொன்னது சரிதானா? எதைக் கொண்டு சொன்னான்? அந்தச் சில வினாடிகளில் கண்ணால் உண்மையாக அறியக் கூடியது எவ்வளவு? இவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏன் இந்த வேடம்?

ஒரு புதிய காரை வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால் சில மாதிரி வண்டிகளைச் செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். இவையே சோதனை வண்டிகள். இவற்றின் உருவம் முன்கூட்டியே வெளியே தெரிந்தால் தயாரிப்பாளருக்கு இரண்டு நட்டங்கள் உண்டு. போட்டி நிறுவனம் விழித்துக் கொள்ளும் என்பது ஒன்று. மற்றொன்று, "புதியது வரப் போகிறதாமே, பொறுத்து வாங்கலாம்" என்று மக்கள் இருந்துவிட்டால், கடையில் நிற்கும் பழைய வண்டி விலை போகாது.

நம் ஊருக்குப் பழக்கமான பிரெஞ்சு நாட்டிலேயே இதற்கு ஒரு சுவையான கதை உண்டு. சித்ரோயன் நிறுவனம் எளிய மக்களுக்காக ஒரு சிறிய காரை வடிவமைத்து, 1939-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 250 மாதிரி வண்டிகளைச் செய்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று அவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றை அழித்து விட்டார்கள். சிலவற்றை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த பிறகு, 1948-இல் பாரிஸ் கண்காட்சியில்தான் அந்தக் கார் '2 சிவி' என்ற பெயரில் உலகுக்குத் தெரிந்தது. ஒளித்து வைத்தவற்றுள் மூன்று வண்டிகள் 1994-இல் ஒரு கொட்டகையின் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டன!

ஜெர்மானியர் இத்தகைய வண்டிகளுக்கு 'எர்ல்கோனிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது கவிஞர் கோத்தே எழுதிய ஒரு பாடலின் தலைப்பு. இரவில் தோன்றும் ஒரு மாய அரசனைப் பற்றியது. 1952-இல் அந்நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று, வெளிவராத ஒரு காரின் படத்தை அப்பாடலைப் போன்ற வேடிக்கை வரிகளோடு வெளியிட்டது. அன்று முதல் அந்தப் பெயர் நிலைத்து விட்டது.

சரி, இவ்வளவு மறைப்பவர்கள் வண்டியை மதில் சுவருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாமே? அதுவும் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே 'நாட்ராக்ஸ்' சோதனைத் திடல் இருக்கிறது. 2021-இல் திறக்கப்பட்ட அதன் அதிவேகப் பாதையின் நீளம் 11.3 கிலோ மீட்டர். ஆனால் திடலில் ஆட்டோ குறுக்கே வராது. எதிர்பாராத இடத்தில் வேகத்தடை முளைக்காது. சித்திரை வெயிலில் சிக்னலில் நின்று குளிர்சாதனம் திணறாது. இந்தச் சோதனைகளை உண்மையான சாலைதான் தர முடியும்.

நம் பக்கத்தில் ஏன்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. அதன் முதல் கார் 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ஓர் ஆலை, 2010-இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையாகத் தொடங்கியது. செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம், 2012-இல் திறக்கப்பட்டது. சித்ரோயன் கார்கள் இன்று திருவள்ளூரிலேயே தயாராகின்றன. இவையெல்லாம் சென்னையைச் சுற்றி, நம் புதுச்சேரிக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருப்பவை.

கிழக்குக் கடற்கரைச் சாலையோ பொறியாளருக்கு ஓர் இயற்கைச் சோதனைக்கூடம். வெயிலும் ஈரப்பதமும் அங்கே சேர்ந்து தாக்குகின்றன. மரக்காணத்து உப்பளங்களைப் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். கடற்காற்றில் உள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். கடலோரத்தில் நிறுத்தி வைக்கும் உங்கள் சைக்கிளின் சங்கிலியே இதற்குச் சாட்சி.

கண்ணை ஏமாற்றுவது எப்படி?

ஒரு பொருளின் மேடு பள்ளத்தைக் கண் எப்படி அறிகிறது? வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டுதான். காரின் கதவில் ஒரு மடிப்புக் கோடு இருக்கிறது என்றால், அதன் மேல்பக்கம் வானத்து ஒளியைப் பெற்றுப் பளிச்சென்று இருக்கும். கீழ்ப்பக்கம் சற்று மங்கலாக இருக்கும். இந்தச் சிறு வேறுபாட்டை மூளை "மடிப்பு" என்று படித்துக் கொள்கிறது.

இப்போது அதே கதவின் மேல் கறுப்பு வெள்ளைச் சுழிகளை ஒட்டுங்கள். நல்ல வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அனுப்பும். கறுப்பு ஐந்து பங்கு அனுப்பினாலே அதிகம். இரண்டுக்கும் பதினாறு மடங்கு வேறுபாடு. மடிப்பால் வரும் வேறுபாடோ மிகச் சிறியது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசுவது காதில் விழுமா? அது போலத்தான் இதுவும். மடிப்பு அங்கேயே இருக்கிறது. ஆனால் சுழிகளின் இரைச்சலில் அது கண்ணுக்கு எட்டுவதில்லை.

இந்த உத்தி புதியதல்ல. முதல் உலகப் போரில், 1917-ஆம் ஆண்டு, நார்மன் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கப்பல்களுக்குக் கோணல்மாணலான பட்டைகளைப் பூசலாம் என்றார். நடுக்கடலில் ஒரு கப்பலை மறைக்க முடியாது. ஆனால் அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரனைத் தவறாகக் கணக்கிட வைக்கலாம் அல்லவா? பார்வையிலிருந்து மறைவது வேறு. பார்ப்பவரைக் குழப்புவது வேறு. சோதனைக் கார் செய்வது இரண்டாவதைத்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். களிமண்ணால் உள்ளங்கை அளவில் இரண்டு வில்லைகள் செய்யுங்கள். இரண்டின் நடுவிலும் வயல் வரப்புப் போல ஒரு மேட்டைக் கிள்ளி விடுங்கள். காய்ந்ததும் இரண்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். ஒன்றின் மேல் மட்டும் கறுப்பு மையால் சுழிகள் வரையுங்கள். பக்கத்து ஜன்னலிலிருந்து ஒளி விழும்படி இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக் கொண்டு பாருங்கள். வெள்ளை வில்லையில் வரப்பு எளிதாகத் தெரியும். சுழி வில்லையில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, சுழி வில்லையைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பு உங்களை நோக்கும்படி வையுங்கள். என்ன ஆயிற்று? மறைந்திருந்த வரப்பு வெளிக்கோட்டில் துருத்திக் கொண்டு நிற்கிறது! மேற்பரப்பை மறைக்கும் சுழி, வெளிக்கோட்டை மறைப்பதில்லை. இதை நினைவில் வையுங்கள். மேலே வரும் எல்லாவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

வேடத்தால் மறைக்க முடியாதவை

வெளிக்கோடு காட்டிக் கொடுக்கும் என்று பொறியாளருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் சுழித் தாளுக்கு அடியில் நுரைப் பஞ்சும் பிளாஸ்டிக் தகடும் வைத்து, பானட்டையும் டிக்கியையும் உப்பலாகக் காட்டுவார்கள். வேறு வண்டியின் விளக்குகளைத் தற்காலிகமாகப் பொருத்துவதும் உண்டு. மின்சாரக் காருக்குப் பொய்யாக ஒரு புகைக்குழாய் வைக்கிற குறும்பும் உண்டு.

இருந்தாலும் அவர்கள் கை வைக்க முடியாத இடங்கள் சில உள்ளன. சக்கரங்களை இடம் மாற்றி வைக்க முடியாது. வைத்தால் சோதனைக்கே பொருள் இல்லை. ஓட்டுநர் வெளியே பார்க்க வேண்டும். ஆகவே கண்ணாடிகளை மூட முடியாது. கதவு திறக்க வேண்டும்; ஆகவே கைப்பிடி வெளியே இருந்தாக வேண்டும். என்ஜினுக்குக் காற்று வேண்டும். ஆகவே முன்பக்கத் துளைகளை முழுதும் அடைக்க முடியாது. எந்த உறுப்பு வேலை செய்து கொண்டே இருக்க வேண்டுமோ, அந்த உறுப்பு வேடம் போட முடியாது.

இன்னொரு வகை வண்டியும் உண்டு. உடல் பழைய கார். உள்ளே புதிய என்ஜின் அல்லது புதிய அடிப்பாகம். ஆங்கிலத்தில் இதை 'மியூல்' என்பார்கள். கோவேறு கழுதை என்று பொருள். குதிரையும் கழுதையும் கலந்த பிராணிக்குப் பொருத்தமான பெயர்தான்! சக்கரத்துக்கு மேலே தகடு வெட்டி ஒட்டப்பட்டிருப்பது, வண்டி வழக்கத்தை விட உயர்ந்து நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

டயரே அளவுகோல்

சக்கரங்களை இடம் மாற்ற முடியாது என்றோம். முன் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் பின் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை 'வீல் பேஸ்' என்பார்கள். காரை அடையாளம் காண மிக நம்பகமான அளவு இது. ஓடும் வண்டியில் டேப் பிடித்து இதை அளக்க முடியுமா? முடியாது. ஆனால் ஒரு புகைப்படம் போதும். அளவுகோலைக் கார் தன்னோடேயே கொண்டு வருகிறது!

டயரின் பக்கச் சுவரில் '215/60 ஆர் 17' என்பது போல எழுதியிருக்கும். டயரின் அகலம் 215 மி.மீ. அதன் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு. அதாவது 129 மி.மீ. உள்ளே உள்ள வளையத்தின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. ஆகவே டயரின் முழு விட்டம்:

431.8 + 129 + 129 = 689.8, ஏறத்தாழ 690 மி.மீ.

இப்போது படத்தை அளக்கலாம். காரை நேர் பக்கவாட்டில், சற்றுத் தொலைவிலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும். சக்கரங்கள் வட்டமாகத் தெரிந்தால் படம் நல்லது. முட்டை வடிவமாகத் தெரிந்தால் கார் கோணலாக நின்றிருக்கிறது, அந்தப் படம் வேண்டாம். படத்தில் டயரின் விட்டம் 23 மி.மீ., சக்கர நடுப்புள்ளிகளின் தூரம் 84 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம்.

வீல் பேஸ் = 84 ÷ 23 × 690 = 2520 மி.மீ.

உங்கள் நண்பன், "இது புதிய கிரெட்டாதான்" என்று சொல்லியிருந்தால்? 2020-இல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவின் வீல் பேஸ் 2610 மி.மீ. டாடா நெக்ஸானுக்கு 2498. மாருதி பிரெஸ்ஸாவுக்கு 2500. ஸ்விஃப்டுக்கு 2450. மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700-க்கு 2750. "2520-க்கு மிக அருகில் இருப்பது பிரெஸ்ஸா, ஆகவே இது பிரெஸ்ஸா" என்று எழுதி விடலாமா?

கூடாது! உங்கள் அளவுகோலில் அரை மில்லி மீட்டர் முன்பின் ஆகியிருக்கலாம். டயர் 23.5, தூரம் 83.5 என்று போட்டுப் பாருங்கள்: 2452. டயர் 22.5, தூரம் 84.5 என்று போட்டால்: 2591. ஆகவே உங்களுக்கு உண்மையில் தெரிந்தது, "2452-க்கும் 2591-க்கும் இடையே" என்பது மட்டுமே. கிரெட்டாவும் எக்ஸ்.யு.வி.யும் வெளியே போய்விட்டன. நெக்ஸானும் பிரெஸ்ஸாவும் உள்ளே இருக்கின்றன. ஸ்விஃப்ட் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது. அதை விலக்கத் துணிய முடியாது.

என்ன செய்யலாம்? படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி அளந்து பாருங்கள். டயர் 46, தூரம் 168. விடை அதே 2520தான். ஆனால் அரை மில்லி மீட்டர் பிழைக்கு எல்லைகள் இப்போது 2485, 2555 என்று நெருங்கி விடுகின்றன. ஸ்விஃப்ட் வெளியே போயிற்று. படம் தெளிவாக இருக்கும் வரை, பெரிதாக்க ஆக்கப் பிழையின் பங்கு சிறுக்கிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் ஒரே ஓர் அலைவை அளக்காமல், இருபது அலைவுகளை எண்ணி நேரம் குறிக்கச் சொல்கிறாரே ஆசிரியர், அதன் காரணமும் இதுதான்.

நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? இந்த அளவு இதற்கு மேல் பேசாது. இரண்டும் இல்லாமல், அதே நீளத்தில் முற்றிலும் புதிய காராகவும் இருக்கலாம். ஒரே அடிப்பாகத்தின் மேல் பல உடல்களைப் பொருத்தி வெவ்வேறு கார்களாக விற்பது இன்றைய வழக்கம் என்பதையும் மறக்காதீர்கள்.

நம்பர் பிளேட் சொல்வது

அடுத்த தடயம் நம்பர் பிளேட். சொந்தக் காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. வாடகைக் காருக்கு மஞ்சளில் கறுப்பு. மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை. தற்காலிகப் பதிவுக்கு மஞ்சளில் சிவப்பு எழுத்து. இன்னும் பதிவு செய்யப்படாமல், தயாரிப்பாளரோ விற்பனையாளரோ 'டிரேடு சர்ட்டிபிகேட்' என்ற சான்றைக் கொண்டு ஓட்டும் வண்டிக்குச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. சோதனைக் கார்களில் பெரும்பாலும் இந்தச் சிவப்புப் பலகையைக் காணலாம்.

முதல் எழுத்துகளும் எண்களும், சான்று கொடுத்த அலுவலகத்தைக் காட்டும். பி.ஒய். 01 நம் புதுச்சேரி. டி.என். 19 செங்கல்பட்டு. டி.என். 87 ஸ்ரீபெரும்புதூர். எம்.எச். 14 புனேக்கு அருகே உள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட். எச்.ஆர். 26 குருகிராம். எந்த ஊரில் எந்த ஆலை என்று தெரிந்தால், வண்டி புறப்பட்ட இடத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

இங்கும் அவசரம் கூடாது. சிவப்புப் பலகை கண்டதும் "புதிய மாடல்!" என்று கத்தாதீர்கள், விற்பனையாளர் ஒருவர் சாதாரணக் காரை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு போகலாம். பின்னால் பெட்டியும், புகைக்குழாயில் மாட்டிய குழாயுமாக ஒரு கார் போனால், அது இரகசிய வண்டியாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான சாலையில் ஓடும்போது வெளிவரும் புகையை அளக்கும் கருவி அது. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டு விதிகளில் இந்தச் சோதனையும் இடம் பெற்று விட்டது. கடையில் கிடைக்கும் காரையே அப்படிச் சோதிப்பதும் உண்டு.

மூன்று பத்திகள்

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தி: கண்டது. நாள், நேரம், இடம், போன திசை, பலகையின் நிறம், கண்ணாடிகளின் வடிவம், புகைக்குழாய் உண்டா இல்லையா. இரண்டாம் பத்தி: அளந்தது. விடையை மட்டும் எழுதாமல், பிழையின் இரண்டு எல்லைகளையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாம் பத்தி: ஊகித்தது. காரின் பெயர் இந்த மூன்றாம் பத்தியில் மட்டுமே வரலாம்; அதுவும் பென்சிலால்! சில மாதங்கள் கழித்துக் கார் வெளிவரும்போது, உங்கள் ஊகம் சரியா என்று நீங்களே திருத்திக் கொள்ளலாம். தவறாகிப் போன ஊகத்தை அழிக்க வேண்டாம்; பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். எந்தத் தடயம் உங்களை ஏமாற்றியது என்று தெரிந்தால், அடுத்த முறை ஏமாற மாட்டீர்கள்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் மிக வேகமாக வருகின்றன. படம் எடுப்பதற்காகச் சாலையில் இறங்காதீர்கள். எந்த வண்டியையும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ துரத்தாதீர்கள். டீக்கடை ஓரத்தில் சோதனைக் கார் நின்றால், தள்ளி நின்று பாருங்கள், தொடாதீர்கள். ஓட்டுநர் தம் வேலையைச் செய்கிறார்; அவர் முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம். ஒரு கார் நழுவிப் போனால் இன்னொரு கார் வரும்.

சோதனைக் கார் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு காரை, உரிமையாளரைக் கேட்டுக் கொண்டு, இருபதடி தள்ளி நின்று நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். டயரில் உள்ள எண்களைக் கொண்டு வீல் பேஸைக் கணக்கிடுங்கள். பிறகு டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். உண்மையான அளவு உங்கள் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுந்ததா? விழுந்தால், சுழி போட்ட காரைச் சந்திக்க நீங்கள் தயார்.

அடுத்த முறை காலாப்பட்டு நிறுத்தத்தில் உங்கள் நண்பன் ஒரு பெயரைச் சொன்னால், அவனை மறுத்துச் சண்டை போடாதீர்கள். "எந்தப் பத்தியில் எழுதட்டும்?" என்று மட்டும் கேளுங்கள்.